குப்பைத்தொட்டியை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு மூலையில் நாலு வரி போட்டிருந்தோம். வந்து குவிந்ததைப் பார்த்தால் அதைத் தரம் பிரிக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டது. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டு, மிச்சத்தை எழுதியவர்களின் பாணியிலேயே விட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை, பலரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். குப்பை விஷயத்தில் நம் எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு போலிருக்கிறது.

கேள்வி: அக்கா, இந்த மாதத்திலிருந்து குப்பையே இல்லாத வீடாக மாறிவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். முதலில் என்னென்ன பொருட்கள் வாங்க வேண்டும், ஒரு பட்டியல் தர முடியுமா?
- புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்

பதில்: வாங்க வேண்டியது ஒன்றும் இல்லை. பட்டியல் அவ்வளவுதான்.

கிண்டல் பண்ணவில்லை, நான் பட்டதைச் சொல்கிறேன். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கண்ணாடி ஜாடி, ஸ்டீல் ஸ்ட்ரா, மூங்கில் பிரஷ், அரை டஜன் துணிப்பை என்று ஃபோனிலேயே ஆர்டர் போட்டுத் தள்ளினேன். அடுத்த நாலு நாளும் பார்சல். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் காற்றுக் குமிழி கவர், அதைப் பிரித்தால் ஸ்ட்ராவுக்கு ஒரு தனி பிளாஸ்டிக் உறை! குப்பையைக் குறைக்க ஆரம்பித்த அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் அதிகமாகக் குப்பை சேர்ந்தது. அந்த ஸ்ட்ரா இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. அதற்கு முன்னாலும் எங்கள் வீட்டில் யாரும் ஸ்ட்ரா போட்டுக் குடித்ததில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

துணிப்பை கதை இன்னும் வேடிக்கை. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. பருத்தியை விளைவித்து, நூற்று, நெய்து பை ஆக்குவதற்குள் அவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் செலவாகிறது, அதனால் ஒரு சாதாரண பருத்திப் பை பருவநிலைக் கணக்கில் மட்டும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டும் என்றாலே அதை 52 தடவையாவது எடுத்துப் போக வேண்டும். எல்லா அளவுகோல்களையும் பார்த்தால் 7,100 தடவை என்று வந்தது. இந்த 7,100ஐ மட்டும் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, பிளாஸ்டிக்தான் நல்லது" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பைகளின் கெடுதலை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். எனக்கு அதிலிருந்து புரிந்தது ஒன்றுதான்: வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பை, அது நைந்த பிளாஸ்டிக் பையாகவே இருந்தாலும், புதிதாக வாங்கும் எந்தப் பையையும் விட மேல்.

சரி, அப்போது எங்கே ஆரம்பிப்பது? ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், எப்போதும் போலவே தூக்கிப் போடுங்கள். வாரக் கடைசியில் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். (அழுகுகிற குப்பை மட்டும் அன்றாடம் போகட்டும், எவ்வளவு போனது என்று குறித்துக்கொண்டால் போதும், ஒரு வாரம் வைத்திருந்து என்னைத் திட்டாதீர்கள்.) கொட்டியதைக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். சமையலறைக் கழிவு ஒரு பக்கம், கவர்கள் ஒரு பக்கம், பேப்பர் அட்டை ஒரு பக்கம், பாட்டில் டப்பா ஒரு பக்கம், என்னவென்றே சொல்ல முடியாதது ஒரு பக்கம். எது பெரிய குவியலோ அதுதான் உங்கள் முதல் வேலை, மற்றது எல்லாம் பிறகு. ஒரு வீட்டில் அது தண்ணீர் பாட்டிலாக இருக்கும், இன்னொரு வீட்டில் குழந்தையின் டயப்பராக இருக்கும். எங்கள் வீட்டில் பார்சல் அட்டையும், வாங்கி வைத்து மறந்து அழுகிப்போன கீரையும். மூங்கில் பிரஷ் என் குப்பைக்குச் சம்பந்தமே இல்லாத மருந்து என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கேள்வி: நான் கஷ்டப்பட்டுப் பிரித்து வைக்கிறேன், வண்டிக்காரர் வந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார். அப்புறம் எதற்கு நான் பிரிக்க வேண்டும்?
- கடுப்பில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி

பதில்: நியாயமான கடுப்பு. எனக்கு வந்த கடிதங்களில் இதே புகார்தான் அதிகம். சில வண்டிகளில் உள்ளே தடுப்பு இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகக் கொட்டுவது போலத் தெரியும், அதனால் ஒரு தடவை அவரிடமே கேட்டுவிடுங்கள். நிஜமாகவே கலக்கிறார்கள் என்றால் புகார் கொடுங்கள், ஆனால் அது சரியாகும்வரை பிரிப்பதை நிறுத்த வேண்டாம், ஏனென்றால் பிரிப்பதால் முதல் லாபம் உங்களுக்குத்தான்.

எப்படி என்றால், குப்பையில் பாதி கெட்டுப்போவதே ஈரத்தால். காய்ந்த அட்டை மேல் மீந்த குழம்பு கொட்டினால் அந்த அட்டை அதோடு முடிந்தது, யாராலும் அதைத் திரும்பக் காகிதமாக்க முடியாது. ஈரத்தைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நாறாது, ஈ மொய்க்காது, பத்து நாள் கூட மூலையில் இருக்கும். தினமும் தொட்டிக்கு ஒரு கவர் போட்டுக் கட்டி எறிய வேண்டிய அவசியமும் போய்விடுகிறது. சேர்த்து வைத்த காய்ந்த பொருளை வண்டியில் போடாமல் பழைய பொருள் எடுப்பவரிடம் நேரடியாகக் கொடுத்துவிடலாம். ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்கிவிட்டால் வண்டிக்காரர் கலப்பதற்கு உங்கள் வீட்டிலிருந்து அதிகம் ஒன்றும் போகாது.

கேள்வி: உரத் தொட்டி வைத்தேன். இரண்டே வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "உங்கள் வீட்டில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா" என்று கேட்டுவிட்டார். அவமானத்தில் மூடி வைத்துவிட்டேன். என்ன தப்பு செய்தேன்?
- மாடி வீட்டுக்காரர்

பதில்: நீங்கள் மூடி வைத்தீர்களே, அதுதான் தப்பு. சிரிக்காதீர்கள், நிஜம்.

உரமாக்குவது நாம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். அவற்றில் இரண்டு கட்சி இருக்கிறது. காற்று இருந்தால் வேலை செய்கிற கட்சி கெட்ட வாடை இல்லாமல், வேகமாக மக்க வைக்கும். காற்று இல்லாமல் போனால் இன்னொரு கட்சி ஆட்சியைப் பிடிக்கும், அதனிடமிருந்துதான் அழுகிய முட்டை வாடையும் மீத்தேனும் வருகின்றன. பெரிய குப்பை மேட்டில் நடப்பதும் இதேதான். மேலே மேலே கொட்டி அமுக்கிய குப்பைக்குள் காற்று போகாது, உள்ளே மீத்தேன் பிறக்கிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. நீங்கள் செய்தது ஒரு குட்டிக் குப்பை மேடு.

முதலில் அந்தத் தொட்டியைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது, முகர்ந்து பாருங்கள். வாடையை வைத்தே வியாதியைச் சொல்லிவிடலாம். அழுகிய முட்டை போல வந்தால் காற்று இல்லை, தண்ணீர் அதிகம். மூக்கில் சுரீர் என்று ஏறும் அமோனியா வாடை வந்தால் நைட்ரஜன் அதிகம், அதாவது காய்கறித் தோல் போன்ற பச்சைக் கழிவு கூடிவிட்டது, காய்ந்தது போதவில்லை. இரண்டுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான்: காய்ந்த இலை, மரத்தூள், துண்டு துண்டாகக் கிழித்த அட்டை, இதில் எது கிடைக்கிறதோ அதைத் தாராளமாகப் போட்டு அடிமுதல் மேல்வரை கிளறி விடுங்கள். தொட்டியின் பக்கவாட்டில் ஓட்டை இல்லாவிட்டால் போடுங்கள், அடியிலும் போடுங்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள்.

அளவு சொல்லச் சொன்னால், ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்தது என்று கண்ணால் அளந்து போட்டால் போதும். புத்தகங்களில் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுத் தராசு தேடி ஓடியவர்களை எனக்குத் தெரியும், தேவையில்லை. ஈரத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் அதிகம், உதிர்ந்து போனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை கழிவு போட்ட பிறகும் மேலே காய்ந்ததால் மூடிவிட்டால் ஈ வராது. அப்படியும் தடித்த புழு தென்பட்டால் அலறாதீர்கள், அநேகமாக அது கருப்புச் சிப்பாய் ஈ என்பதன் புழுவாக இருக்கும், கடிக்காது, நம்மைவிட வேகமாகச் சாப்பிட்டு வேலையை முடிக்கும். பார்க்கச் சகிக்காது என்பது வேறு விஷயம்.

இறைச்சி, எலும்பு, பால், எண்ணெய்ப் பண்டம் எல்லாம் முதல் ஆறு மாதம் வேண்டாம். இன்னொன்று, தோட்டத்துப் பெரிய குவியல் 55, 60 டிகிரி வரை கொதிக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு "என் தொட்டி சூடே ஆகவில்லையே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். ஆகாது. சூட்டைப் பிடித்து வைக்க நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். நம் பக்கெட் அளவுத் தொட்டி மெதுவாகத்தான் மக்கும், இரண்டு மூன்று மாதம், சில சமயம் இன்னும் கூட. பரவாயில்லை, அதற்குள் இரண்டாவது தொட்டியை ஆரம்பித்துவிடுங்கள். முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளவும் மூக்குதான். முதல் மழைக்கு மண்ணிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை வரும். உவமைக்காகச் சொல்லவில்லை, இரண்டிலும் இருப்பது ஜியோஸ்மின் என்கிற ஒரே பொருள், மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்குவது. அந்த வாசனை வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் டப்பாவுக்கு அடியில் அம்புக்குறி முக்கோணம் போட்டிருந்தால் அது மறுசுழற்சி ஆகும் என்றுதானே அர்த்தம்? அந்தக் குறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் நான் வாங்குகிறேன்.
- கல்லூரி மாணவர்

பதில்: இல்லை தம்பி. உங்களைப் போல ஊர் உலகமே ஏமாந்துதான் இருக்கிறது.

முக்கோண அம்புக்குறி 1970இல் அமெரிக்காவில் ஒரு போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் வரைந்தது, அது காகிதத்துக்காக வந்த குறி. 1988இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டு, எந்தவகை பிளாஸ்டிக் என்று அடையாளம் காட்ட ஏற்பாடு செய்தது. பிளாஸ்டிக் வகை இன்னது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அம்பைப் பார்த்தவுடன் ஜனங்கள் குழம்புகிறார்கள் என்று 2013இல் தர நிர்ணயத்தை மாற்றி, அம்பை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் ஆக்கினார்கள். பழைய அச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது.

நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். 1 என்றால் பெட், தண்ணீர் பாட்டில் வகை. 2 என்றால் கனமான பாலிஎத்திலீன், ஷாம்பு, திரவ சோப்பு பாட்டில்கள். இந்த இரண்டுக்கும் வாங்குகிற ஆள் அநேகமாக எங்கும் உண்டு. 5 பாலிபுரோப்பிலீன், உணவு டப்பாக்கள், இடத்துக்கு இடம் மாறும். 3 பிவிசி, 6 தெர்மாகோல் வகை, 7 என்பது மற்றதெல்லாம், இவற்றை எடுப்பவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நொறுக்குத்தீனி வரும் பளபளா பாக்கெட் இருக்கிறதே, அது பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒட்டிய படலம், பிரித்தெடுக்க முடியாததால் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாம். காகிதக் கப்பும் வெறும் காகிதம் இல்லை, உள்ளே பாலிஎத்திலீன் பூச்சு இருப்பதால்தான் ஒழுகாமல் நிற்கிறது.

2015 வரை உலகத்தில் குப்பையான பிளாஸ்டிக்கில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம்தான் என்று 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது, மிச்சம் 79 சதவீதம் குப்பை மேட்டிலும் வெளியிலும் கிடக்கிறது. அதனால் முக்கோணம் பார்த்து வாங்குவதை விட்டுவிடுங்கள். கண்ணாடி, அலுமினியம், இரும்பு டப்பா கிடைத்தால் அது வேறு ஜாதி, எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது, பழைய அலுமினியத்தை உருக்க ஆகும் ஆற்றல் புதிதாகத் தாதுவிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீதம்தான். அதற்காகக் குடிக்க ஆசையில்லாத பானத்தை டின்னுக்காக வாங்கிவிட வேண்டாம்.

கேள்வி: 'மக்கும் பிளாஸ்டிக்' என்று போட்ட கவரை உரத் தொட்டியில் போட்டேன். எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது, எழுத்து கூட அழியவில்லை.

பதில்: எழுத்தாவது உண்மை பேசியிருக்கலாம்! இந்த வகை கவர்கள் பலவும் தொழிற்சாலை அளவு உரக்கூடத்தில், 58 டிகிரி போன்ற சூட்டில் வாரக்கணக்கில் இருந்தால் மக்கும்படி செய்தவை. மேலே சொன்னேனே, நம் பக்கெட் அந்தச் சூட்டுக்குப் போகாது. 'வீட்டு உரத் தொட்டியில் மக்கும்' என்று தெளிவாகப் போட்டிருந்தால் நம்பிப் பார்க்கலாம். வெறுமனே 'சிதையும்', 'இயற்கைக்கு உகந்தது' என்பதெல்லாம் விளம்பரம். ஒருவகை கவர் வெயிலில் பொடிப்பொடியாகப் போகும், மக்கிவிட்டது என்று நினைப்போம், அது பிளாஸ்டிக் தூளாகி மண்ணில் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அந்தவகைப் பொருட்களை 2021 முதல் விற்கவே தடை போட்டுவிட்டது. உங்கள் கவரைக் கழுவி வேறெதற்காவது பயன்படுத்துங்கள், எட்டு மாதம் தாங்கியது இன்னும் தாங்கும்.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தாலும் வாரம் ஒரு தடவை ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது ஒரு பை நிறைய அழுகின காய், பூசணம் பிடித்த மிச்சம் மீதி என்று வெளியே போகிறது. மனசு கேட்கவில்லை. இதை உரமாக்கினால் பாவம் தீருமா?
- வேலைக்குப் போகும் அம்மா

பதில்: உரமாக்கினால் நாற்றம் தீரும். விளைவித்த தண்ணீரும், உழைப்பும், நீங்கள் கொடுத்த காசும் திரும்பாது. அதனால் தொட்டிக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும்.

நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காக ஒரு கணக்கு: ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022இல் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஹோட்டல், கடை எல்லாம் போக 60 சதவீதம் வீடுகளில் வீணானது. தலைக்கு வருஷத்துக்குச் சராசரி 79 கிலோ. "தொழிற்சாலைகள்தான் குப்பை போடுகின்றன, நாம் ஒருவர் மாறி என்ன ஆகும்" என்று இந்த மாதம் ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கும் சேர்த்தே இந்த எண். பிளாஸ்டிக் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நிறைய நியாயம் உண்டு, உணவு விஷயத்தில் இல்லை.

ஃப்ரிட்ஜில் நான் செய்கிற ஒரே ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். கண் மட்டத்தில் இருக்கும் தட்டில் பாதியை 'முதலில் தின்ன வேண்டியது' என்று ஒதுக்கிவிட்டேன். நேற்றைய மிச்சம், பாதி நறுக்கிய காய், நாளைக்கு வாடப்போகிற கீரை எல்லாம் அங்கேதான். சமைக்க நுழைகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் என்ன சமையல் என்று முடிவு செய்ய வேண்டும். இது ஒன்றிலேயே எங்கள் வீட்டில் அழுகுவது பாதிக்கு மேல் குறைந்தது. அடிப் பெட்டிக்குள் போனது மறந்துபோனதுதான், அங்கே கெட்டியாகத் தாங்கும் காய்களை மட்டும் வையுங்கள்.

கொஞ்சம் சாஸ்திரமும் தெரிந்துகொண்டால் நல்லது. ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் இருக்கும் கீரை அதனால் சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் கசக்கும். ஆகவே பழத்தையும் கீரையையும் ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். கீரையை ஈரம் போக உதறி, ஒரு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், அழுகுவதற்குக் காரணமே இலைமேல் தங்கும் தண்ணீர்தான். ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடைத்து வைத்தால் குளிர்காற்று ஓடாது. பாக்கெட்டில் 'இந்தத் தேதிக்குள் சிறந்தது' என்றிருப்பது ருசியும் மணமும் பற்றியது, அதற்கு மறுநாளே விஷமாகாது, பார்த்து முகர்ந்து முடிவு செய்யலாம். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் அது பாதுகாப்புக்கானது, அதில் விளையாட வேண்டாம். பூசணம் பிடித்த மிருதுவான பண்டத்தில் மேலே மட்டும் சுரண்டிவிட்டுத் தின்னுகிற பழக்கமும் வேண்டாம், வேர் உள்ளே ஓடியிருக்கும். சிக்கனம் என்பது வயிற்றைக் கெடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: பெயர் போட வேண்டாம். சானிட்டரி நாப்கின், டயப்பர் இரண்டும்தான் எங்கள் வீட்டுக் குப்பையில் பாதி. இதைக் குறைக்க முடியுமா, கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சமே வேண்டாம், தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. நாப்கினுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் மென்சுரல் கப் மருத்துவ சிலிகானில் செய்தது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருஷம் வரை வரும். ஆனால் எல்லா உடம்புக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், பழகவே மூன்று நான்கு மாதம் ஆகும். முதல் மாதம் பிடிக்கவில்லை என்றால் கைவிட்டுவிடாதீர்கள், அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகக் கைவிடுங்கள். துணிப் பேடும் நல்ல வழி, முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும் (வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும்), பிறகு சோப்பு, பிறகு நல்ல வெயில். வெயிலில் போடக் கூச்சப்பட்டு மூலையில் ஈரமாக வைத்தால் தொற்றுதான் வரும். டயப்பருக்கு, பகலில் வீட்டில் இருக்கும் நேரம் துணி, இரவும் வெளியே போகும்போதும் டயப்பர் என்று வைத்துக்கொண்டாலே பாதி குறையும். எதையும் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். 'கழிப்பறையில் போடலாம்' என்று எழுதியிருக்கும் ஈரத் துடைப்பான்கள் உட்பட.

கேள்வி: வீட்டில் என்னைத் தவிர யாரும் ஒத்துழைப்பதில்லை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார் எல்லாரும் கையில் கிடைத்த தொட்டியில் போடுகிறார்கள். நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: பொறுக்குவதை நிறுத்துங்கள், தொட்டியை நகர்த்துங்கள். மனிதர்கள் கொள்கைப்படி குப்பை போடுவதில்லை, கைக்கு எட்டினபடிதான் போடுவார்கள். காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஈரத்துக்கு ஒரு சின்ன மூடியில்லாக் கிண்ணம், பார்சல் பிரிக்கும் வாசல்பக்கம் அட்டைக்கு ஒரு பெட்டி, மற்ற அறைகளில் இருக்கும் தொட்டிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். நான் எங்கள் படுக்கையறைத் தொட்டியை எடுத்தபோது இரண்டு நாள் சண்டை நடந்தது, மூன்றாம் நாள் எல்லாரும் நடந்துபோய்ப் போட்டார்கள். உங்கள் மாமனாரிடம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்களேன், அந்தத் தலைமுறைக்கு நூல்கயிறு முதல் காலி டப்பா வரை எடுத்து வைக்கும் பழக்கம் இருந்தது, நாம்தான் "இதெல்லாம் எதற்கு அடைசல்" என்று தூக்கிப்போட வைத்தோம். அவரை உரத் தொட்டிக்குப் பொறுப்பாக்கினால் உங்களைவிடக் கறாராக இருப்பார் என்பது என் ஊகம்.

சின்னச் சின்னதாகக் கேட்டவர்களுக்கு:

கடை ரசீதைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள். வழவழப்பாக, நகத்தால் கீறினால் கருப்புக் கோடு விழும் ரசீது என்றால் அது வெப்பத்தால் அச்சாகும் தாள், பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியது, காகிதக் கூழையே கெடுக்கும். உரத்திலும் வேண்டாம். ரசீது வேண்டாம் என்று கடையிலேயே சொல்லிவிடுவதுதான் சுலபம்.

பழைய ஃபோன் பேட்டரி, பவர் பேங்க் எதையும் சாதாரணக் குப்பையில் சேர்க்கவே கூடாது. வண்டியில் நசுங்கினால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும், நிறைய குப்பை வண்டிகள் எரிந்ததற்குக் காரணமே அதுதான். முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். சுருள் வடிவ பழைய விளக்குகளில் பாதரசம் உண்டு, அதுவும் அதே வழி.

பயன்படுத்திய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டி வழியாக ஊற்றினால் குழாயில் உறைந்துபோகும். 2017இல் லண்டனின் சாக்கடையில் எண்ணெய்க் கொழுப்பும் ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் பாறையாகிக் கிடந்ததை வாரக்கணக்கில் உடைத்தார்கள். ஆறவைத்து ஒரு பாட்டிலில் சேருங்கள், எண்ணெய் சேகரிப்பவர் இல்லையென்றால் மரத்தூளில் ஊறவிட்டுக் குப்பையில் போடலாம்.

குப்பையைக் கொல்லையில் கொளுத்தலாமா என்று கேட்டவருக்கு: கூடாது, கொஞ்சம்தான் என்றாலும் கூடாது. பிவிசி கலந்த குப்பையைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். அந்தப் புகை முதலில் உங்கள் வீட்டு ஜன்னலுக்குள்தான் போகும்.

கேள்வி: ஒரு மாதமாக எல்லாம் செய்கிறேன். ஆனால் தொட்டி பழையபடி நிரம்பிக்கொண்டேதான் இருக்கிறது, குறைந்த மாதிரியே தெரியவில்லை.
- ஆரம்பித்துவிட்டு அயர்ந்துபோனவர்

பதில்: கண்ணால் பார்த்தால் தெரியாது. ஈரக் குப்பை எடை அதிகம், இடம் கம்மி, அதனால் அதை எடுத்துவிட்டாலும் கவரும் டப்பாவும் காற்றை அடைத்துக்கொண்டு தொட்டியை நிரப்பிக் காட்டும். எடை பார்க்கும் இயந்திரம் வீட்டில் இருந்தால் பையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு பை இல்லாமல், கழித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் இல்லையென்றால் காலண்டரில் தொட்டியைக் காலி செய்யும் நாளில் ஒரு புள்ளி வைத்தால் போதும், புள்ளிகளுக்கு நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் தினமும் வைத்த புள்ளி ஐந்து நாளைக்கு ஒன்று ஆக ஏழு மாதம் பிடித்தது, நடுவில் ஒரு விசேஷம் வந்து இரண்டு வாரம் பழையபடி ஆனதும் உண்டு.

பாட்டிலை நசுக்கி, டப்பாவுக்குள் டப்பாவை அடுக்கிப் போட்டுப் பாருங்கள். பிறகும் அடிக்கடி நிரம்பினால் தொட்டியை மறுபடி ஒரு தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள், இந்தத் தடவை பெரிய குவியல் வேறாக இருக்கும். அது என்னவென்று அடுத்த இதழுக்குள் எழுதுங்கள், அதிலிருந்து பார்ப்போம்.